பினாங்கில் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு

"படம் பார்க்கப் போகிறேன்" என்றால் எந்தத் தியேட்டர் என்று கேட்பதுதான் நம் வழக்கம். பினாங்குக்கு வருகிற தமிழர்களின் பட்டியலும் ஏறக்குறைய எழுதி வைத்ததுதான்: கொடிமலை ரயில், தண்ணீர்மலைக் கோயில், கடைத்தெருவில் சாப்பாடு, பத்து ஃபெரிங்கி கடற்கரை. சுவரில் மாட்டிய படங்களுக்காக ஒரு காலைப்பொழுதை ஒதுக்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர் என்றால், கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். பினாங்கு மாநில அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் பெயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடம் வேறு வேறு. ஃபார்குவார் தெருவில் இருப்பது அருங்காட்சியகத்தின் பழைய தலைமைக் கட்டடம். மக்கலிஸ்டர் ரோட்டில் அதன் கிளை. ஓவியங்களுக்கென்றே உள்ள மாநில ஓவியக்கூடம் லைட் தெருவில், தேவான் ஸ்ரீ பினாங் அரங்கக் கட்டடத்துக்குள் இருக்கிறது. ஃபார்குவார் தெருக் கட்டடத்தை 2017இல் சீரமைப்புக்காக மூடியபின் பல ஆண்டுகள் மக்கலிஸ்டர் ரோடுதான் "மியூசியம்". ஆகவே கிராப் காரில் ஏறி வெறுமனே மியூசியம் என்று சொல்லிவிடாதீர்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: இங்கே அருங்காட்சியகத்துக்கு வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டு எழும்பூர் அருங்காட்சியகப் பழக்கமும் வெள்ளிதான் என்பதால் சென்னைக்காரர்கள் ஏமாறமாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை என்று பழகிய ஐரோப்பியப் பயணிகள்தான் பூட்டிய கதவின் முன் நிற்பார்கள். நானும் ஒரு வெள்ளிக்கிழமை, விருந்தினர் நால்வரை அழைத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்பது வழக்கமான நேரம். கூடம் திறந்ததும் நுழைவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் பஸ் வருமுன் அரைமணி நேரம் அமைதி கிடைக்கும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். சிங்கப்பூரில் பழைய உச்ச நீதிமன்றத்தையும் மாநகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்த தேசியக் கலைக்கூடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். பினாங்கின் கூடங்கள் சிறியவை. ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு, அது அந்தப் பெரிய ஊர்களில் கிடைக்காது. பார்த்த படத்தின் ஊர் வாசலிலேயே இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு நடந்து போய் அந்த இடத்தையே பார்க்கலாம். பினாங்கில் படம் பார்க்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

இந்த முறைக்கு முதல் ஆசாமி ராபர்ட் ஸ்மித். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர். 1810களில் பினாங்கில் வேலை பார்த்தபோது இந்தத் தீவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவருடைய ஓவியங்கள்தான் மாநில அருங்காட்சியகத்தின் பெருஞ்சொத்து. உள்ளே நுழைந்ததும் "கேப்டன் ஸ்மித் படங்கள் எங்கே மாட்டியிருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். மலைமேலிருந்து பார்த்த துறைமுகம், குளுகோர் வாசனைத் தோட்டங்கள், அருவி, சஃபோக் மாளிகை. பச்சையும் மஞ்சள் வெயிலுமாக ஒரு சொர்க்கம். இவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1821இல் லண்டனில் அச்சாக வெளியிட்டவர் வில்லியம் டேனியல். பெயர் எங்கோ கேட்டதாகத் தோன்றினால் அது சரிதான்: 1792இல் தம் தந்தையின் சகோதரர் தாமஸோடு தமிழகத்தைச் சுற்றி, திருச்சி மலைக்கோட்டையையும் மதுரையையும் மாமல்லபுரத்தையும் வரைந்த அதே டேனியல்.

ஸ்மித்தின் படங்களில் மலையையும் கடலையும் பார்த்து முடித்ததும் முன்பகுதிக்கு வாருங்கள். ஒரு விரல் உயரத்தில் மனிதர்கள் இருப்பார்கள். அவர்கள் யார், தலையில் என்ன கட்டியிருக்கிறார்கள், எதைச் சுமக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றியது 1786இல். எட்டே ஆண்டுகளில், 1794இல், அவர் எழுதிய கடிதத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார். பருவந்தோறும் கப்பலில் வந்து வேலை செய்து திரும்பியவர்கள் தனி. காட்டை வெட்டியவர்களில், சாலை போட்டவர்களில், படகில் சாமான் இறக்கியவர்களில் நம்மவர்கள் பலர். படத்தில் அவர்களுக்குக் கிடைத்தது விரல் உயரம். அழகான படங்கள்தான், ஆனால் அவற்றில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

ஃபார்குவார் தெருப் பக்கம் போனால் பக்கத்துக் காம்பவுண்டில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 1818இல் கட்டி முடிந்த இதற்கும் பொறியாளர் ஸ்மித்தான். உழைப்பு இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளுடையது. சென்னை கதீட்ரல் சாலையில் போகும்போது பார்த்த புனித ஜார்ஜ் பேராலயம் நினைவுக்கு வருகிறதா? அதைப் பார்த்துத்தான் இதைக் கட்டினார்கள். கூரையையும் சென்னைபோலத் தட்டையாகவே போட்டார்கள். பினாங்கு மழைக்கு அது தாங்கவில்லை. 1860களில் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். ஸ்மித்தின் பிற்காலக் கதையும் சுவையானது. பின்னாளில் டெல்லியில் குதுப்மினாரைப் பழுதுபார்த்து, அதன் உச்சியில் தாமாகவே ஒரு மண்டபத்தை வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், 1848இல் கழற்றி இறக்கிவிட்டார்கள். இன்றும் அது குதுப்மினார் வளாகத்துப் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறது.

அருங்காட்சியகக் கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் பழைய வீடு இது. 1896இலும் 1906இலும் இரண்டு கட்டமாக எழுப்பினார்கள். மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கிய மருத்துவர் வூ லியென் தே, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இருவரும் அந்தப் பள்ளியின் மாணவர்கள். போரில் குண்டு விழுந்து ஒரு பகுதி போய்விட்டது. நீங்கள் பார்ப்பது மிச்சம். அருங்காட்சியகமாகத் திறந்தது 1965இல்.

இனி தேவான் ஸ்ரீ பினாங். ஃபார்குவார் தெருவிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பத்து நிமிட நடை. உள்ளே போனதும் குளிர்சாதனம் எலும்பைத் தொடும். துப்பட்டாவோ மெல்லிய சால்வையோ கையில் இருக்கட்டும், குறிப்பாகப் பெரியவர்களுக்கு. ஃபிளாஷ் போடாதீர்கள். இங்கே தொங்குவதில் நிறைய நீர்வண்ண ஓவியங்கள். வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். கூடம் சற்று மங்கலாக இருப்பதும் அதற்காகத்தான், மின்கட்டணத்துக்காக அல்ல.

சேகரிப்பைச் சுழற்சியில் மாற்றி மாற்றி மாட்டுவதால் எந்தப் படம் எந்தச் சுவரில் என்று சொல்லமுடியாது. பெயர்களைச் சொல்கிறேன், தேடிக்கொள்ளுங்கள். யோங் முன் சென்: சரவாக்கில் பிறந்து 1920களில் பினாங்கில் வந்து குடியேறியவர். மலேசிய ஓவியத்தின் தந்தை என்பார்கள். அப்துல்லா ஆரிஃப்: பினாங்கிலேயே பிறந்த ஆசிரியர், இன்று ஆயர் ஈத்தாமில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. இருவரும் 1962இல், ஒரே ஆண்டில் இறந்தார்கள். இருவருக்கும் கைவந்தது நீர்வண்ணம். ஒரு முறை வைத்த தீற்றலை அழிக்க முடியாது, காகிதத்தின் வெள்ளையைத்தான் வெளிச்சமாக விடவேண்டும். அருகில் போய், வெயில் எங்கே அடிக்கிறதோ அங்கே சாயமே இல்லாமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு நான்கடி பின்னே வந்து மறுபடி பாருங்கள். தான் சூன் கீயின் மைக்கோட்டுச் சித்திரம் ஏதாவது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். கடைவீடுகள், ட்ரைஷா, கோயில் வாசல், எல்லாம் வெளியே இன்னும் இருக்கிறவை.

சுவா தியான் தெங்கின் பாத்திக் ஓவியங்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். துணியில் உருகிய மெழுகால் கோடிழுத்து, சாயத்தில் முக்கி, மெழுகு மூடாத இடத்தில் மட்டும் நிறம் ஏறச் செய்வது பாத்திக். சட்டைக்கும் கைலிக்கும் இருந்த அந்தக் கைவேலையைச் சட்டம் போட்ட ஓவியமாக்கியவர் இவர். அவருடைய படம் ஒன்றை யுனிசெஃப் வாழ்த்து அட்டையாகவும் வெளியிட்டது. தாயும் பிள்ளையும், மீனவர், சந்தை என்று நடமாடும் மனிதர்கள். துணியில் மயிரிழை போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கீறல்களைத் தேடுங்கள். மெழுகு இறுகி வெடித்த இடத்தில் சாயம் புகுந்த தடம் அது. மெழுகும் சாயமும் நமக்கு அந்நியமல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கோடாலி கருப்பூரில் தஞ்சை அரண்மனைக்கு நெய்த புடவைகளும் மெழுகு தடவிச் சாயமிட்டவைதான்.

தமிழ்ப் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு. நிர்மலா சண்முகலிங்கம் 1941இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர், 2016இல் மறைந்தார். செய்தித்தாள் புகைப்படங்களை எடுத்துப் போரையும் சூழல் கேட்டையும் பற்றிப் படம் செய்தார். பார்க்க இதமாக இருக்காது, இருக்கவேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. சையது தாஜுதீன் இராமநாதபுரக் கரையில் அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றவர். இராமாயணக் காட்சிகளை நீண்ட கண்களும் வளைந்த உடல்களுமாக வரைந்த முஸ்லிம் ஓவியர். இவர்கள் படம் இந்தக் கூடத்தில் நீங்கள் போகும் நாளில் இல்லையென்றால், மின்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். நவீன ஓவியச் சேகரிப்பு அங்கேயும் உண்டு.

சுவர்க்குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழை எதிர்பார்க்காதீர்கள். நாலு சொல் தெரிந்தால் போதும். "சாட் ஆயர்" நீர்வண்ணம், "சாட் மிஞ்ஞாக்" எண்ணெய் வண்ணம், "தன்பா தாஜுக்" தலைப்பில்லை. "டிலாராங் செந்து" என்றால் தொடாதே. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முதலில் கற்றுக்கொள்வது நல்லது. எல்லாப் படத்தையும் பார்க்கவேண்டும் என்று ஒன்றும் வேண்டுதல் இல்லை. ஒரு சுற்று வேகமாகச் சுற்றுங்கள், மனத்தை இழுத்த ஐந்து படங்களிடம் திரும்பிப் போங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கால் வலித்தால் உட்கார்ந்து பாருங்கள்.

பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை இருக்கிறது, 1936இல் செய்தது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால், அடிலெய்ட் நகரத்தை நிறுவிய அவர் மகன் வில்லியமின் முகத்தை வைத்து அப்பாவை வடித்தார்கள். ஜப்பானியர் காலத்தில் கழற்றிப்போட்டபோது இடுப்பு வாள் தொலைந்தது. இதற்காகக் கோட்டைக் கட்டணம் கொடுக்கலாமா என்றால், உங்கள் விருப்பம். நான் அந்தக் காசைத் தேநீருக்கு வைத்துக்கொள்வேன்.

தேநீருக்கும் மதியச் சோற்றுக்கும் கடைத்தெரு, அதாவது லெபோ பாசார், பத்து நிமிட நடையில் வந்துவிடும். ராணி தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயிலின் கோபுரச் சுதைச் சிற்பங்களை, ஓவியக்கூடத்திலிருந்து வந்த அதே கண்ணோடு ஒரு முறை பாருங்கள். நாசி கண்டார் வேண்டுமென்றால் கேம்பல் தெரு வரை நடக்கவேண்டும். உச்சிவெயிலில் ஐந்தடி நடைபாதையின் நிழலிலேயே போங்கள். நடக்க முடியாதவர்களுக்குக் கட்டணமில்லாத கேட் பஸ் படகுத்துறையிலிருந்து கொம்தார் வரை சுற்றி வருகிறது.

ஆர்மேனியன் தெருச் சைக்கிள் சுவரோவியத்தைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. சைக்கிள் நிஜம், குழந்தைகள் சாயம். பகலில் போனால் படத்தைவிட வரிசைதான் நீளம். காலை எட்டு மணிக்குமுன் போங்கள். அவரே ச்சூ ஜெட்டியில் வரைந்த படகுப் பிள்ளைகள் உப்புக்காற்றில் மங்கிப்போனார்கள், அதையும் மறக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் குருத்வாரா சாலையில் ஹின் பஸ் டிப்போவுக்கு ஒரு நடை போய்வரலாம்; பழைய பேருந்துப் பணிமனையை 2014இல் கலைக்கூடமாக்கியது. இளம் ஓவியர்கள் தங்கள் அச்சுப்படங்களை விற்கும் சந்தையும் கூடும். மற்ற நாள்களில் அவ்வளவு கலகலப்பு இருக்காது.

எல்லாம் முடிந்து ஐந்து மணிக்குக் கூடம் அடைத்ததும், எதிரே பாடாங் கோத்தா லாமாவுக்கு வந்து கடல் சுவரில் உட்காருங்கள். முன்னால் இருப்பது வடக்குக் கால்வாய். ஸ்மித் இதையும் வரைந்திருக்கிறார். மழை பெய்து விட்ட மாலையாக இருந்தால் நீருக்கு அப்பால் நீலமாக ஒரு மலை எழும். அது கெடாவின் ஜெராய் மலை. நம் கல்வெட்டுகள் கடாரம் என்பது அதன் அடிவாரத்தைத்தான்.