ரேடியேட்டர் சூடாகவில்லையா? முதலில் கை வைத்துப் பாருங்கள்



குளிர்காலம் வந்ததும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. பாய்லர் ஓடுகிறது, ஆனால் ஓர் அறை மட்டும் சூடாவதில்லை. டிசம்பரில் லண்டனில் சூரியன் உதிக்கவே எட்டு மணி ஆகிறது. சுபுஹு தொழுகைக்கு எழுந்து வுளூச் செய்யும் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குளிர்ந்த அறை சிறிய விஷயமல்ல. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது.

நம்மில் பலர் உடனே மின்சார ஹீட்டர் வாங்கிவிடுகிறோம். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, எரிவாயுவைப் போல் சுமார் நான்கு மடங்கு. பழுது அப்படியே இருக்க, பணம் மட்டும் கரைகிறது. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ரேடியேட்டரின் எந்தப் பகுதி குளிர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, கோளாறு என்ன என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹீட்டிங்கை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலும் கீழும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

1. மேலே குளிர், கீழே சூடு

உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. காற்று மேலே தங்குவதால் சுடுநீர் அங்கே ஏற முடிவதில்லை. இதற்கான சிறு சாவி ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை பொறுத்திருங்கள். மேல் ஓரத்தில் உள்ள சதுர முனையில் சாவியைப் பொருத்தி, அடியில் துணியும் கிண்ணமும் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். "உஸ்" என்று காற்று வெளியேறும். தண்ணீர் வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடியுங்கள்.

காற்றை வெளியேற்றியபின் பாய்லரில் உள்ள அழுத்தமானியைப் பார்க்க மறக்காதீர்கள். பெரும்பாலான பாய்லர்களில் ஆறிய நிலையில் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால், பாய்லரின் கையேட்டில் உள்ளபடி நீர் நிரப்பும் குழாயின் வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் இறுக மூடுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பது தீர்வாகாது.

2. ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுவதும் குளிர்

அதன் ஓரத்தில் எண்கள் போட்ட திருகு இருந்தால், முதலில் அது மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்தும் சூடாகாவிட்டால் அந்தத் திருகின் தலையைக் கையால் கழற்றுங்கள். உள்ளே சிறு ஊசி ஒன்று தெரியும். விரலாலோ மரத்துண்டாலோ அழுத்தினால் அது உள்ளே போய்த் தானாக மேலே வர வேண்டும். கோடை முழுவதும் மூடியே இருந்த வால்வுகளில் இது கீழேயே சிக்கிக்கொள்வது வழக்கம். மெதுவாகத் தட்டித் தளர்த்துங்கள். குறடால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கழன்று வந்தால் தண்ணீர் பீறிடும்.

3. மேலே சூடு, கீழே நடுவில் குளிர்

உள்ளே இரும்பு துருப்பிடித்து, கறுப்புச் சேறாக அடியில் படிந்திருக்கிறது. காற்றை வெளியேற்றுவதால் இது தீராது. ரேடியேட்டரையோ குழாய் அமைப்பு முழுவதையுமோ கழுவி, துருவைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். இது தொழில் தெரிந்தவரின் வேலை.

4. பாய்லருக்கு அருகில் சூடு, தூரத்து அறைகளில் குளிர்

அருகிலுள்ள ரேடியேட்டர்கள் சுடுநீரில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் மறுமுனையில், மூடி போட்ட வால்வைச் சிறிது சிறிதாக மூடினால் தூரத்து அறைகளுக்கும் நீர் போகும். எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. எல்லாமே குளிர்

டைமர், தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, அழுத்தமானி ஆகியவற்றைப் பாருங்கள். உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று ஒலித்து நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். கொதிநீர் கூடாது.

நம் கை நிற்க வேண்டிய இடம்

பாய்லரின் மூடியைத் திறக்கும் எந்த வேலையும் நம்முடையதல்ல. கேஸ் சேஃப் பதிவு பெற்றவரை மட்டுமே அழையுங்கள். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல. எரிவாயு வாடை வந்தால் ஜன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல் வெளியே வந்து, 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டுவதோ, கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதோ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான வாடகை வீடுகளில் ஹீட்டிங்கையும் சுடுநீர் அமைப்பையும் பழுதின்றி வைப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. "கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ" என்ற பயத்தில் குளிர்காலம் முழுவதும் வாய் திறக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வாய்ச்சொல்லோடு நிற்காமல், தேதியிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். படமும் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அணுகுங்கள்.

நம்மில் வீடுகளை வாடகைக்கு விட்டிருப்போருக்கும் ஒரு வார்த்தை. வாடகையை ஹலாலான வருமானமாக எண்ணும் நாம், அந்த வீட்டில் உறங்கும் குழந்தைகளின் கதகதப்பையும் அமானிதமாக எண்ண வேண்டும்.

இந்த வாரம் உங்கள் வீட்டு ரேடியேட்டர்களைத் தொட்டுப் பாருங்கள். பிறகு அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு, தனியாக வாழும் முதியவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்து நிமிட வேலைதான். அதுவும் ஸதகாவே. அல்லாஹ் நம் வீடுகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.