மடக்கெழுத்தாணியும் இடைக்குறுவாளும்: தகடூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கையடக்கமாக மடக்கி உடலோடு கொண்டுசெல்லத்தக்க கத்தியைத் தமிழர் எதன்பொருட்டு வைத்திருந்தனர் என்னும் வினாவுக்குப் படைக்கல வரலாற்றில் விடை தேடுவதே இயல்பாகத் தோன்றும். பதிவான சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. தமிழில் தெளிவான வருணனையுடன் கிடைக்கும் மரபுவழி மடக்குக் கத்தி வீரனுடையதன்று; ஓலை எழுதுவோனுடையது. மடக்கெழுத்தாணி என்னும் அக்கருவியை, வீரர் இடையில் தாங்கிய குறுவாளோடு ஒப்பிட்டு, இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்தித் திரட்ட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்குரிய களம் பழந்தகடூராகிய தருமபுரி. நடுகற்களும் சங்கப்பாடலும் ஒருங்கே படைக்கலத்தைப் பேசும் நிலப்பகுதி அது.

நடுகல் வீரனின் இடைக்கத்தி

1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த தருமபுரி, 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகும்வரை பரந்த எல்லையுடையதாக இருந்தது. அப்பரப்பிலும் அதனை அடுத்த செங்கம் வட்டாரத்திலும் பல்லவர் காலம் முதலாக வட்டெழுத்துப் பொறிப்புடன் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆகோள் பூசலில் பட்ட வீரர்க்கு எடுக்கப்பட்ட கற்கள் அவற்றுள் பல. வில், வாள், கேடயம் ஆகியவை கைகளில் காட்டப்பெற, இடைக்கச்சில் செருகிய குறுவாள் பல சிற்பங்களில் இடம்பெறுகிறது.

இக்குறுவாள் மடங்குவதன்று. காரணம் எளிது. நெருங்கிய போரில் கத்தியை ஒரே கையால், ஒரே இழுப்பில் உருவ வேண்டும். மறுகை வில்லையோ கேடயத்தையோ பற்றியிருக்கும். மடக்குக் கத்தியை விரிக்க இரு கைகளும் சற்றே ஓய்வும் வேண்டும். தவிர, குத்தின் விசையை மடிப்பில் உள்ள ஒற்றைத் தறையாணி தாங்க வேண்டியிருக்கும். வில்லமைப்போ பூட்டோ இல்லாத மடிப்பில் அலகு பிடித்த விரல்மீதே திரும்பிவிடும். ஆகவே உறையிட்ட குறுவாளிலிருந்து மடக்குக் கத்தி வளர்ந்தது என்று கொள்வதற்கு நடுகற்கள் இடந்தரவில்லை. சுரிகை என்னும் வடசொல்வழி வழக்கும் உடைவாள் என்னும் தமிழ் வழக்கும் குறிப்பவை இவ்வகைப் படைக்கலங்களையே.

ஓலை எழுதுவோனின் கத்தி

உ.வே. சாமிநாதையர் (1855–1942) ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்காலக் கல்விமுறையை விளக்குமிடத்து எழுத்தாணி வகைகளைப் பிரித்துரைக்கிறார். குண்டெழுத்தாணி தலை கனத்து, நீளம் குறைந்தது. வாரெழுத்தாணி அதனினும் நீண்டது. அதன் மேல்முனையில் ஓலை வாருவதற்குரிய சிறு கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணியிலோ ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியும் பிடிக்குள் மடங்கும். மரம், தந்தம், கொம்பு ஆகியவற்றால் பிடி அமைந்தது. இம்மூன்றனுள் வாரெழுத்தாணியே திறவுகோல். எழுத்தாணியோடு கத்தி சேர்ந்தமை முதற்படி. கூர்முனைகள் இரண்டையும் உடலுக்குத் தீங்கின்றிக் கொண்டுசெல்ல மடித்தமை அடுத்த படி எனக் கருத இடமுண்டு. கால வரிசையில் அன்றி, அமைப்பு வரிசையில் இவ்வாறு கொள்வது பொருந்தும்.

எழுதுவோனுக்குக் கத்தி ஏன் இன்றியமையாதது? பனையோலையை ஈர்க்கு நீக்கி, ஓரம் வாரி, அளவாக நறுக்கிய பின்னரே எழுத முடியும். சிறு ஓலைத்துண்டுக்கு நறுக்கு என்றும், ஆவணத்துக்கு முறி என்றும் பெயர் வழங்கியமை நோக்கத்தக்கது. நறுக்குதல், முறித்தல் ஆகிய வினைகள் எழுதப்படும் பொருளுக்கே பெயராயின. எழுத்தின் முதல் வேலை வெட்டுதலாக இருந்தது என்பதை மொழி மறக்கவில்லை. எழுதும்போது இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் பிறைபோல் வெட்டிய பள்ளம் எழுத்தாணிக்குத் தாங்கலாக இருந்ததையும் சாமிநாதையர் குறிப்பிடுகிறார்.

தாளும் மையும் பரவியபின் வந்த பேனாக்கத்தி இதற்கு வியப்பூட்டும் இணை. ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்றே அமைந்து, அதனாலேயே பெயர்பெற்ற கத்தி அது. இரு பண்பாடுகளில், தொடர்பின்றி, எழுதுவோனின் தேவையே சிறு கத்தியை வளர்த்திருக்கிறது. இன்று செய்தித்தாள்களில் குற்றச்செய்தியோடு மட்டுமே ஒட்டிக்கொண்டுள்ள சூரிக்கத்தி என்னும் சொல், இவ்வரலாற்றை மறைக்கும் திரையாகிவிட்டது.

திரட்டுதலும் பயன்பாடும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியதாக வரும் புறநானூற்று 95ஆம் பாடல், கருவித் திரட்டைப் பற்றிய கூரிய திறனாய்வாகவும் கொள்ளத்தக்கது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் உள்ளன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்தலுக்கு இலக்கியமாக இப்பாடலைக் காட்டுவது மரபு. பொருளியல் பண்பாட்டு ஆய்வுக்கு இது தரும் செய்தி வேறொன்று: கருவியின் வரலாறு அதன் தேய்விலும் முறிவிலும் பழுதுபார்ப்பிலும் பதிந்துள்ளது.

திரட்டுவோர் பெரும்பாலும் தொண்டைமானின் வழியையே மேற்கொள்கின்றனர். துருவை அகற்றி, அலகுக்கு மெருகேற்றி, தளர்ந்த தறையாணியை மாற்றிவிட்டால் மடக்கெழுத்தாணி அழகுபெறும், ஆய்வுக்குப் பயன்படாது. எழுத்தாணி முனை எப்பக்கம் சாய்ந்து தேய்ந்துள்ளது என்பதிலிருந்து பிடித்த கோணத்தை ஊகிக்கலாம். சாணையால் அலகு குறுகியிருப்பின் அது ஓயாமல் உழைத்தது. எழுத்தாணி தேயாமல் கத்தி மட்டும் தேய்ந்திருப்பின், ஓலை எழுதும் வழக்கு நின்ற பின்னும் அக்கருவி வெற்றிலைக் காம்பு கிள்ளவோ பாக்கு நறுக்கவோ இடையில் வாழ்ந்திருக்கலாம். மெருகேற்றும் கை இவை அனைத்தையும் ஒரே நாளில் அழித்துவிடும்.

வகைப்பாடும் சிக்கலானதே. படைக்கலப் பிரிவில் வைத்தால் எழுத்தாணி பொருளற்றுப்போகும். எழுதுபொருள் பிரிவில் வைத்தால் கத்தி காட்சிக்கு வராது, பிடிக்குள் மடங்கியே கிடக்கும். இதில் சட்டம் தெளிவாக இருப்பது விந்தை. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், 9 அங்குலத்தை விஞ்சிய நீளமோ 2 அங்குலத்தை விஞ்சிய அகலமோ உடைய அலகு கொண்ட கத்திகளைப் படைக்கலத்தோடு சேர்க்கின்றன; வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயனுக்கென அமைந்தவற்றை விலக்குகின்றன. அளவோடு நோக்கத்தையும் உரைகல்லாகக் கொள்ளும் இம்முறையை அட்டவணையாளரும் பின்பற்றலாம்.

தருமபுரி வட்டாரத்தில் இரும்பின் தொன்மைக்குக் குறைவில்லை. பழைய தருமபுரியின் எல்லைக்குள் இருந்த மயிலாடும்பாறையின் இரும்புக்காலச் சான்று கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டது 2022இல் அறிவிக்கப்பெற்றது. ஆயினும் அத்தொன்மையை மடக்குக் கத்திக்கு ஏற்றிச் சொல்வது பிழையாகும். கள ஆய்வு தொடங்க வேண்டிய இடம் கொல்லுலை மட்டுமன்று; ஊர்க்கணக்கர், திண்ணைப்பள்ளி ஆசிரியர், நாட்டு மருத்துவர், சோதிடர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் வீட்டில் ஓலைச்சுவடிக் கட்டோடு சேர்ந்து கிடக்கும் பெட்டியும் ஆகும். அங்குக் கிடைக்கும் கருவியைத் துடைக்கும் முன்னரே மடக்கிய நிலையிலும் விரித்த நிலையிலும் அளந்து, இரு முனைகளின் தேய்வையும் படமெடுத்து, அது எந்தச் சுவடியோடு கிடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். சுவடியைப் பிரித்து நூலகத்துக்கும் கத்தியைப் பிரித்துத் திரட்டாளருக்கும் கொடுத்தபின் அவ்விரண்டையும் மீண்டும் இணைக்க வழியில்லை.