வானத்தில் ஒரு வழித்தடம்

நம் பேசின் பிரிட்ஜில் அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டி பாதையும் வந்து சேருகின்றன. சென்ட்ரலுக்குச் செல்லும் ரயில்கள் சிக்னலுக்காக இங்கே காத்து நிற்பதை நாம் அனைவரும் அறிவோம். தண்டவாளமும் சிக்னலும் ரயிலுக்கு வழி காட்டுகின்றன. இவை இல்லாத வானத்தில், மேகத்திற்கும் இருளுக்கும் நடுவே, விமானம் எவ்வாறு வழி அறிகிறது?

அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று வி.ஓ.ஆர். எனப்படும் வானொலி நிலையம். இதை மெரினா கலங்கரை விளக்கத்தோடு ஒப்பிடலாம். இந்நிலையம் இரண்டு சைகைகளை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே விதமாக இருக்கும். மற்றது வினாடிக்கு 30 முறை சுழலும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, நிலையத்திலிருந்து தான் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை விமானத்தின் கருவி கூறிவிடும். சக்கரத்தின் ஆரங்களைப் போல நிலையத்தைச் சுற்றி 360 கோடுகள் இருப்பதாகக் கொள்ளலாம். இவற்றிற்கு ரேடியல் என்று பெயர்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மேற்கிலிருந்து வரும் விமானத்தை 270 ஆம் ரேடியலில் சேர்ந்து நிலையத்தை நோக்கி வரச் சொல்கிறார்கள். அதுவோ சற்று வடக்கே, 280 ஆம் ரேடியலில் இருக்கிறது. நேர் கிழக்கே, அதாவது 90 பாகையில் பறந்தால் அந்தக் கோட்டை அது என்றுமே தொடாது, இணையாகவே செல்லும். ஆகவே விமானி வலப்புறம் திரும்பி 120 பாகையில் பறக்கிறார். கருவியின் முள் நடுவை நெருங்கும்போது இடப்புறம் திரும்பி 90 பாகைக்கு வருகிறார். விமானம் கோட்டில் அமர்கிறது. பக்கக் காற்று தள்ளினால், காற்று வரும் பக்கமாகச் சிறிது முகத்தைத் திருப்பிப் பறக்க வேண்டும்.

வழி தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. எந்த உயரத்தில் பறப்பது என்பதற்கும் தரைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். இதைக் கிளியரன்ஸ் என்பர். விமானி அதைத் திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். தவறாகக் கேட்டிருந்தால் அதிகாரி உடனே திருத்துவார்.

இந்த அனுமதியின் அருமையை நம் நாடு பெரும் துயரத்தின் மூலம் அறிந்தது. 1996 நவம்பர் 12 அன்று டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானத்திற்கு 14,000 அடி வரையிலும், டில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி வரையிலும் அனுமதி தரப்பட்டது. இடையில் ஆயிரம் அடி இருந்தது. எதிரே விமானம் வருவதும் தெரிவிக்கப்பட்டது. ஆயினும் கஜகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. இருந்த 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. அனுமதியின்றி இறங்கியதே காரணம் என்றும், ஆங்கிலத்தில் சொன்னதை விமானக் குழுவினர் சரிவரப் புரிந்துகொள்ளாததும் அதற்குத் துணைபோயிற்று என்றும் தெரியவந்தது. பின்னர் டில்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் தனித்தனி வழிகள் அமைக்கப்பட்டன. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியும் விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது.

இன்று செயற்கைக்கோள்களும் விமானங்களுக்கு வழி காட்டுகின்றன. எனினும், சொன்னதைச் செவிமடுத்து, திருப்பிச் சொல்லி, அதன்படியே நடக்கும் கடமை மனிதருடையதே. தோழியரே, கூர்ந்து கேட்பதும் ஒரு கல்வியே என்பதை நாம் மனத்தில் கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி