வீடு இடிக்கும் வேலையில் டிராக்டரும் சிறு குழந்தைகளும்

சம்பா அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், குடியானவரது டிராக்டருக்கு வயலில் வேலை குறைந்துவிடுகிறது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எண்ணுவோரும் பெரும்பாலும் தை முதல் வைகாசி வரையிலுள்ள வறண்ட மாதங்களையே அதற்குத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே வயலுக்கென்று வாங்கிய யந்திரம் அம்மாதங்களில் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது. பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையும் இக்காலத்திலேயே வருகிறது. யந்திரம் வாசலில் நிற்கும் நாட்களும், பிள்ளைகள் பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் நாட்களும் இவ்வாறு ஒன்றாய் அமைவதால் நேரும் அபாயத்தையும், அதைத் தடுக்கும் வழியையும் இங்குக் கூறுவோம்.

திருவள்ளூர் ஜில்லாவில் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பாலவேடு முதலிய ஊர்களில் சென்னைப் பட்டணம் நாளுக்கு நாள் நெருங்கி வருகிறது. மண்சுவரும் பனைமரக் கைமரமும் நாட்டு ஓடுமாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டு, காங்கிரீட் வீடுகள் எழும்புகின்றன. இவ்வேலையில் டிராக்டர் மூன்று விதமாக உபயோகப்படுகிறது. இடிந்த மண்ணையும் செங்கல்லையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லுதல் முதலாவது. டிராக்டரோடு இணைத்த கம்ப்ரஸரைக் கொண்டு தளத்தையும் அஸ்திவாரத்தையும் உடைத்தல் இரண்டாவது. கயிறோ சங்கிலியோ கட்டிச் சுவரை இழுத்துத் தள்ளுதல் மூன்றாவது. இம்மூன்றிலும் அபாயம் உண்டெனினும், அதன் தன்மை ஒவ்வொன்றிலும் வேறு.

குழந்தைகளுக்கு விசேஷ அபாயம் ஏன்?

டிராக்டரின் பின்சக்கரம் சாதாரணமாக நான்கடிக்குக் குறையாத உயரமுடையது. மூன்று வயதுக் குழந்தையோ ஏறத்தாழ மூன்றடியே இருக்கும். ஆகவே சக்கரத்தின் ஓரத்தில் நிற்கும் குழந்தை, ஆசனத்தில் அமர்ந்திருக்கும் டிரைவரின் கண்ணுக்கு முற்றிலும் மறைந்துவிடுகிறது. டிரெய்லர் பூட்டியிருந்தால் பின்பக்கம் முழுவதுமே மறைவு. என்ஜின் சத்தத்தில் குழந்தையின் குரலும், தாயின் கூப்பாடும் டிரைவரின் காதில் விழுவதில்லை.

மேலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வேகத்தையும் தூரத்தையும் மதிப்பிட அறியாது. "அருகில் போகாதே" என்று காலையில் சொன்னதை நண்பகலில் அது நினைவில் வைத்திருக்கும் என்று நம்புவதற்கில்லை. தகப்பனார் ஏறி அமர்ந்து ஓட்டும் வண்டியைக் குழந்தை பயப்படத்தக்க பொருளாகக் கருதுவதுமில்லை. அதை நோக்கி ஆசையோடு ஓடி வருகிறது. ஆகையால் குழந்தையை எச்சரிப்பது எச்சரிப்பவரின் மனத்திற்குச் சமாதானம் தருமே தவிர, குழந்தைக்குக் காப்பாகாது.

டிரைவரின் ஜாக்கிரதையும் தனித்துப் போதாது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரும் டிராக்டர் ஒரு வினாடியில் சுமார் நாலரை அடி செல்கிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கின்மேல் காலை வைப்பதற்குள் அந்த ஒரு வினாடி கழிந்துவிடுகிறது. எனவே குழந்தை சக்கரத்தருகில் வந்தபின் செய்யக்கூடியது மிகவும் சொற்பம். வராமலிருக்கச் செய்வதே வழி.

பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும் பழக்கம்

இடிந்த மண்ணைக் கொட்டப் போகும்போது பிள்ளைகளை மட்கார்டின்மேல் உட்கார வைத்துக்கொள்ளுவதும், மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் செய்வதும் பல ஊர்களில் சகஜமாக உள்ளது. டிராக்டர் ஒருவருக்கென்றே செய்யப்பட்ட யந்திரம். செங்கல் குவியலில் ஒரு சக்கரம் ஏறி இறங்கினால் மட்கார்டில் இருப்பவர் முன்னும் பின்னுமாகத் தூக்கி எறியப்படுவார். விழும் இடம் பெரும்பாலும் பின்சக்கரத்தின் முன்பாகவே இருக்கும். வெறும் டிரெய்லரில் பிள்ளைகளை ஏற்றிவருவதும் இதற்குச் சற்றும் குறைந்த தவறன்று.

டிராக்டரில் டிரைவரைத் தவிர வேறொருவரையும் ஏற்றலாகாது என்று 1989-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சாலை விதிகள் விதித்தன. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் விதிகள், 13 வயது நிரம்பாத குழந்தை விவசாய டிராக்டரில் ஏறிச் செல்வதையே தடுத்துள்ளன; சொந்தப் பண்ணை என்றாலும் விலக்கில்லை. நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் பொதுச் சாலையில் டிராக்டர் ஓட்டினால், 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு.

கயிறு கட்டிச் சுவரை இழுத்தல்

மூன்று வேலைகளிலும் இதுவே மிகக் கொடியது. சுவரின் மேற்பகுதியில் கயிற்றைக் கட்டி, மற்றொரு முனையைப் பின் அச்சிலோ அதற்கு மேலோ மாட்டி இழுக்கின்றனர். சுவர் அசையாது நின்றால் பின்சக்கரங்கள் உருள முடிவதில்லை. என்ஜினின் சக்தி அப்போது சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக, அச்சையே மையமாகக் கொண்டு டிராக்டரின் முன்பாகத்தை மேலே தூக்குகிறது. முன்சக்கரம் கிளம்பியதிலிருந்து முக்கால் வினாடிக்குள் வண்டி மீளாத நிலையை அடைந்து, ஒன்றரை வினாடிக்குள் பின்புறமாக முற்றிலும் கவிழ்ந்துவிடக்கூடும். டிரைவர் கிளட்சை மிதிக்கக்கூட அவகாசம் போதாது. ஸ்வீடன் தேசத்தில் 1959-ஆம் ஆண்டு முதல் புது டிராக்டர்களில் கவிழ்ந்தாலும் டிரைவரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நம் ஊர்களில் ஓடும் டிராக்டர்களில் பலவற்றில் அச்சட்டம் இல்லை. அத்தகைய டிராக்டரில் மடியில் ஒரு குழந்தையும் இருக்குமானால் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதில் ஆபத்துண்டு. இறுக்கமாக இழுபட்ட கயிறோ சங்கிலியோ அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வீசும். சுவரும் எண்ணிய பக்கமே விழும் என்பது நிச்சயமில்லை. ஆகையால் டிராக்டரைக் கொண்டு சுவரை இழுப்பதை அறவே விட்டுவிடுவது உத்தமம். ஓட்டையும் கைமரத்தையும் முதலில் இறக்கி, சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக ஆட்களைக் கொண்டு பிரிக்கலாம். அல்லது இதற்கென்றே அமைந்த ஜே.சி.பி. யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தலாம். மேலிருந்து பிரித்தால் பழைய செங்கல்லும் மரமும் உடையாமல் கிடைக்கும் லாபமும் உண்டு.

கம்ப்ரஸரும் சுழலும் தண்டும்

கம்ப்ரஸர் முதலிய கருவிகளுக்குச் சக்தி தரும் பி.டி.ஓ. தண்டு சாதாரணமாக நிமிஷத்திற்கு 540 சுற்றுகள், அதாவது வினாடிக்கு 9 சுற்றுகள் சுழல்கிறது. பாவாடை நுனியோ, துண்டோ, அவிழ்ந்த தலைமயிரோ அதில் பட்டால், கூவுவதற்குள் பல சுற்றுகள் சுற்றிக்கொண்டுவிடும். தண்டுக்கும் பெல்ட்டுக்கும் உரிய மூடி இல்லாத கம்ப்ரஸரை வாசலுக்குள் அனுமதிக்கலாகாது. வாடகைக்கு வரும் யந்திரமானால், கூலி பேசுமுன் மூடி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உடைபடும் காங்கிரீட் சில்லுகள் வெகுதூரம் தெறிப்பதால், எட்டி நின்று பார்க்கும் குழந்தையின் கண்ணுக்கும் அபாயம் உண்டு.

நின்றிருக்கும் யந்திரம்

ஓடாத யந்திரத்தால் தீங்கில்லை என்று நினைப்பது பிழை. சாவியை விட்டுச்சென்ற டிராக்டரில் ஏறும் பிள்ளை அதைக் கிளப்பிவிடக்கூடும். கியரை நகர்த்தினால் சரிவில் வண்டி தானே உருளும். தூக்கி நிறுத்திய டிப்பர் தொட்டியும், பின்னால் உயர்த்திவைத்த கலப்பையும், என்ஜின் நின்ற பின்னரும் நெம்புகோலைத் தொட்ட மாத்திரத்தில் கீழே இறங்கிவிடும். ஆகையால் டிரைவர் இறங்குமுன் தொட்டியையும் கருவியையும் தரைக்கு இறக்கி, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்து, சக்கரத்திற்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் டீ குடிக்கப் போவதானாலும் இதில் விலக்குக் கூடாது.

பாதி இடிந்த வீடு

கூரை இறங்கிய சுவருக்கு மேற்பிடிப்பு இல்லை. டிரெய்லர் இடித்தாலும், அருகில் யந்திரம் அதிர்ந்தாலும், மழை நனைத்தாலும் அது சாயக்கூடும். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் மழையில் ஊறிய மதிற்சுவர் வீடுகளின்மேல் விழுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் இறந்தனர். அது இடிப்பதற்கென்று தொட்ட சுவரன்று. தொட்டு, பிடிப்பை எடுத்துவிட்ட சுவரை இரவு முழுவதும் நிறுத்திவைப்பது எவ்வளவு தவறென்பதை இதிலிருந்து அறியலாம். அன்று தொடங்கிய சுவரை அன்றே தரைமட்டமாக்க வேண்டும். நிற்கும் சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்குள் பிள்ளைகள் வரலாகாது.

இடிப்பு ஸ்தலத்தில் கழிவுநீர்த் தொட்டி, தரைக்கடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி, பழைய கிணறு ஆகியவற்றின் மூடிகள் டிராக்டர் சக்கரத்தால் உடைவதுண்டு. வேலை தொடங்குமுன் அவற்றை மண்ணிட்டு நிரப்பவோ, கனத்த மூடியிட்டு வேலி கட்டவோ வேண்டும். மின் இணைப்பை மின்வாரியத்தாரைக் கொண்டு துண்டித்துவிட வேண்டும். குழந்தையின் கண்ணில் சுண்ணாம்புத் தூள் பட்டால் கசக்காமல், சுத்த ஜலத்தால் கால் மணி நேரம் இடைவிடாது கழுவி, உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முதலில் ஆட்களை அகற்றல், பின்னர் இடித்தல்

போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதனருகில் நின்ற மற்றொரு கட்டடம் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சுற்றிலுமுள்ள வீட்டார் முன்னதாகவே வெளியேற்றப்பட்ட பின்னரே வெடி கொளுத்தப்பட்டது. கட்டடம் விழுந்தது சில வினாடிகளில்; அதற்கு முன் ஆட்களை அகற்றுவதற்கே நேரம் பிடித்தது. ஓட்டு வீட்டை இடிப்பவரும் இவ்வரிசையையே கைக்கொள்ள வேண்டும்.

இதற்குக் குடியானவர் வீட்டில் செலவின்றிச் செய்யக்கூடிய ஒரு முறை உண்டு. சிறு குழந்தைகளை உறவினர் வீட்டிற்கோ, நடைபெறும் நாட்களில் அங்கன்வாடிக்கோ அனுப்புவது முதற்கண் நலம். அனுப்ப இயலாவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைக் குழந்தைகளைக் காப்பதற்கென்றே நியமிக்க வேண்டும். ஆட்களுக்குச் சமைக்கும் பாட்டியாரிடமே குழந்தையையும் ஒப்படைப்பது காவலாகாது. அவருக்கு அன்று வேறு வேலை இருத்தல் கூடாது. டிராக்டரின் சாவியை அவரிடமே கொடுத்துவைக்க வேண்டும். வண்டி நிற்கும் போதெல்லாம் டிரைவர் சாவியை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். குழந்தைகளை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, அவர்கள் வேலிக்கப்பால் இருப்பதைக் கண்ணால் கண்டபின்னரே அவர் சாவியைத் திருப்பித் தர வேண்டும். டிரைவரின் அவசரமும் வீட்டுக்காரரின் அவசரமும் குழந்தையைக் கடந்து செல்லாதபடி இம்முறை தடுக்கிறது.

காலையில் முதன்முதல் கிளம்பும்போதும், டீயும் சாப்பாடும் வரும்போதும், கடைசி நடை புறப்படும்போதும் காவல் இரு மடங்காக இருக்க வேண்டும். தகப்பனாருக்குத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு குழந்தை யந்திரத்தருகே செல்வது இவ்வேளைகளில்தான். தண்ணீரைப் பெரியவர் கொண்டு செல்லட்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. குழந்தைகள் எங்கே என்று அறியாமல் டிராக்டரைக் கிளப்பாதீர்கள்.
2. சாவி, குழந்தையைக் காப்பவரிடம் இருக்கட்டும்.
3. பின்னோக்கி ஓட்டும்போது பெரியவர் ஒருவர் டிரைவரின் கண்ணில் படும்படி ஓரத்தில் நின்று சைகை காட்டட்டும். அவர் கண்ணில் படாவிட்டால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.
4. மட்கார்டிலும் மடியிலும் டிரெய்லரிலும் எவரையும் ஏற்றாதீர்கள்.
5. டிராக்டரால் சுவரை இழுக்காதீர்கள். பாதிச் சுவரை இரவில் விட்டுவைக்காதீர்கள்.
6. தொட்டியைத் தாழ்த்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்த பின்னரே இறங்குங்கள்.
7. விபத்து நேர்ந்தால் உடனே 108-க்குத் தெரிவியுங்கள்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், தங்கள் எல்லைக்குள் வீடு இடிக்கப்படுவதை அறிந்தால், வேலை தொடங்குமுன் ஒருமுறை அங்குச் சென்று, வேலி கட்டியிருக்கிறதா, குழந்தைகளைக் காப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுவருதல் நலம். இரண்டாவது கேள்விக்கு ஒருவர் பெயர் பதிலாக வராவிட்டால், வந்தபின் வேலையைத் தொடங்கலாம் என்று சொல்வது அவர்கள் கடமை. எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்களுக்கும் கூலியாட்களுக்கும் இவ்விஷயங்களைப் படித்துக் காட்டும்படி அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இடிந்த வீட்டைப் பணமிருந்தால் மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். குழந்தையின் விஷயத்தில் அவ்வித இரண்டாம் சந்தர்ப்பம் கிடையாது.