வண்டியின் மேல் ஏணியைக் கட்டிச் செல்லும் முறை

கிராமங்களில் ஏணியின் துணையின்றி முடியும் வேலைகள் சிலவே. தெருவிளக்கைப் பழுது பார்க்கவும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஏறவும், வைக்கோல் போர் போடவும், பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கவும் ஏணி வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பொதுச் சாலைகளுக்கு விளக்கிடுவதைக் கிராம ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்க, ஏணி ஒன்றே இருக்குமாயின், அது அடிக்கடி சாலையில் பயணம் செய்தே தீர வேண்டும்.

ஏணியின் மீது ஏறும்போது காட்டும் எச்சரிக்கையை, அதை வண்டியில் ஏற்றும்போது நாம் காட்டுவதில்லை. கையில் அகப்பட்ட கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுப் புறப்படுவதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. விழுப்புரம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் கோலியனூருக்கும் கண்டமங்கலத்துக்கும் இடையே உள்ள வளவனூரையும் அதன் சுற்றுப்புற ஊர்களையும் எண்ணிப் பாருங்கள். ஊர்த் தெருவில் மெல்லச் செல்லும் வண்டி சிறிது நேரத்தில் நெடுஞ்சாலையில் ஏறிப் பேருந்துகளோடும் லாரிகளோடும் விரைகிறது. அங்கே ஏணி நழுவி விழுந்தால், பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் உயிருக்கே ஆபத்து. வண்டி ஓட்டுபவருக்கு ஒரு கீறலும் இல்லாதிருக்கலாம். குற்றமற்ற வழிப்போக்கர் ஒருவரின் குடும்பம் ஆதரவிழந்து நிற்கும்.

ஏணி நழுவும் நான்கு வழிகள்

ஏணியைக் கட்டத் தெரிந்துகொள்வதற்கு முன், அது எவ்வாறு நழுவுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

முதலாவது, முன்னோக்கி நழுவுதல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 16½ மீட்டர் கடக்கிறது. திடீரெனத் தடை போட்டால் வண்டி நிற்கும். கட்டப்படாத ஏணியோ அதே வேகத்தில் முன்னே பாயும். இரண்டாவது, பின்னோக்கி நழுவுதல். வண்டி சட்டெனப் புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் இது நிகழும். மூன்றாவது, வளைவுகளில் பக்கவாட்டில் விலகுதல். நான்காவது, மேலே எழும்புதல். முன்கண்ணாடியில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி, முன்னே நீண்டிருக்கும் ஏணியின் முனையைத் தூக்குகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அசையாதிருந்த ஏணி, 60 கிலோமீட்டரில் துள்ளுவது இதனாலேயே.

ஏணியின் நடுவே மட்டும் போடப்படும் கட்டு இந்த நான்கையும் தடுக்காது. முனைகள் இரண்டும் ஊஞ்சல்போல் ஆடி, முடிச்சு தானே தளர்ந்துவிடும். ஆதலின், ஒவ்வொரு திசைக்கும் ஒரு தடை இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதே கட்டும் முறையின் அடிப்படை.

ஏற்றுமுன் கவனிக்க வேண்டியவை

வண்டியின் கூரை மீதுள்ள கேரியரை இரு கைகளாலும் பற்றிக் குலுக்கிப் பாருங்கள். அது ஆடுமாயின், ஏணியை எவ்வளவு இறுகக் கட்டினும் பயனில்லை. கேரியரோடு சேர்ந்தே ஏணியும் விழும். திருகாணிகளை முடுக்கி, துருப்பிடித்த கம்பிகளை மாற்றிய பின்னரே சுமை ஏற்ற வேண்டும். கூரை தாங்கக்கூடிய எடையை வண்டியுடன் தரப்படும் கைப்புத்தகத்தில் காணலாம்.

கயிற்றையும் ஆராய வேண்டும். நைலான் கயிறு உறுதியானதாயினும் இழுபடும் இயல்புடையது. சிறிது தூரம் சென்றதும் கட்டு தளரும். சணல், பருத்திக் கயிறுகள் மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தபின் தளர்ந்துவிடும். மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து நாளடைவில் இற்றுப்போகும். இழை பிரிந்த கயிற்றையும், சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர்ப் பட்டையையும் இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது. லாரிகளில் பயன்படும், கைப்பிடியை அசைத்து முடுக்கும் இறுக்குப் பட்டை நல்லது. எனினும் அலுமினிய ஏணியில் அதை அளவுக்கு மீறி முடுக்கினால் சட்டம் நசுங்கும்.

ஏணியை வைத்துக் கட்டும் முறை

ஏணியைப் படுக்கையாக, கேரியரின் இரு குறுக்குக் கம்பிகள் மீதும் நன்கு படியுமாறு வையுங்கள். குறுக்குக் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி உண்டோ, அவ்வளவுக்கு ஏணி நிலையாக இருக்கும். முன்னும் பின்னும் எடை ஒத்திருக்க வேண்டும். மூங்கில் ஏணியாயின் கம்பியில் படும் இடங்களில் பழைய சாக்குத் துண்டை மடித்து வைத்தால் உராய்வு குறையும். இரண்டு பகுதிகளாக நீளும் ஏணியை முழுதும் மடக்கி, இரு பகுதிகளையும் முதலில் ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும்.

பின்னர் முன் குறுக்குக் கம்பியில் ஒரு கட்டும், பின் குறுக்குக் கம்பியில் ஒரு கட்டும் தனித்தனிக் கயிற்றால் போடுங்கள். ஒரு கட்டு அவிழ்ந்தாலும் மற்றது தாங்கும். கயிறு ஏணியின் இரு நெடுஞ்சட்டங்களையும் சுற்றி, ஒரு படியையும் வளைத்துச் செல்ல வேண்டும். படியை வளைத்த கயிறே முன்பின் நழுவுதலைத் தடுக்கும். சட்டத்தை மட்டும் சுற்றிய கயிற்றினுள் ஏணி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இறுக்குவதற்கு வண்டிக்காரர்கள் அறிந்த முறை ஒன்று உண்டு. கயிற்றின் ஒரு நுனியைக் கேரியரின் ஒருபக்கக் கம்பியில் முடிந்துவிட்டு, மறு நுனியை ஏணியின் மேலாக எதிர்ப்பக்கம் கொண்டு வாருங்கள். கயிற்றின் நடுவே ஒரு கண்ணி அமைத்து, நுனியைக் கேரியர்க் கம்பியின் அடியில் விட்டு, மேலே கொணர்ந்து கண்ணியினுள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். கண்ணி கப்பிபோல் செயற்பட்டு, நம் கைவலிமையைப் பெருக்கிக் கொடுக்கும். தளரவிடாமல் கண்ணியின் அடியில் இருமுறை முடிச்சிட்டு, மீதிக் கயிற்றைக் காற்றில் ஆடாதவாறு சுற்றிச் செருகிவிடுங்கள்.

இறுதியாக, ஏணியைப் பிடித்து நான்கு பக்கமும் வலுவாக அசையுங்கள். வண்டி அசைய வேண்டும். ஏணி மட்டும் தனியே அசையலாகாது. புறப்பட்டபின் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மீண்டும் ஒருமுறை இறுக்குவது இன்றியமையாதது. வளவனூரிலிருந்து விழுப்புரம் செல்பவர் கோலியனூரில் ஓரமாக நிறுத்திப் பார்த்தால் இரண்டு நிமிடமே செலவாகும்.

மின்கம்பியும் இரயில் கடவையும்

ஏணியை வண்டியின் மேல் நிமிர்த்தியோ சாய்த்தோ ஒருபோதும் கொண்டு செல்லக் கூடாது. தாழ்வழுத்த மின்கம்பிகள் தெருவின் குறுக்கே குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தெருவழியே 5.5 மீட்டரும், பிற இடங்களில் திறந்த கம்பிக்கு 4.6 மீட்டரும் போதும். வயல்வெளியில் தொய்ந்த கம்பிகள் இன்னும் தாழ்ந்திருத்தலும் உண்டு. 2 மீட்டர் உயர வண்டியின் மேல் 4 மீட்டர் ஏணியை நிமிர்த்தினால் மொத்தம் 6 மீட்டர், கம்பியைத் தொட்டுவிடும். அலுமினியம் மட்டுமன்று, நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். இறக்கும்போதும் மேலே கம்பி இல்லாத இடத்தில் நிறுத்தியே இறக்க வேண்டும்.

வளவனூர் வழியே செல்லும் விழுப்புரம்–புதுச்சேரி இரயில் பாதை மின்மயமாக்கப்பட்டது. இரயில் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. கடவையின் இருபுறமும் உயரக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறுத்தப்படும். சுமையுடன் அதன் கீழே தட்டாமல் செல்ல இயலாத வண்டி கடவையைக் கடக்கக் கூடாது.

சட்டம் கூறுவது

மோட்டார் வண்டிச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டபின், சுமை வண்டியின் பக்கங்களிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த எல்லைக்கு மேல் நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சிவப்புத் துணி கட்டிவிட்டதால் இக்குற்றம் நீங்கிவிடாது. சிறிய வண்டிக்குப் பொருந்தாத நீண்ட ஏணியை, அதன் நீளத்துக்கேற்ற தளமுடைய வண்டியில் ஏற்றுவதே முறை. மாட்டு வண்டியில் கொண்டு செல்லும்போது பின்முனையில் பகலில் சிவப்புத் துணியும், இரவில் சிவப்பு விளக்கும் கட்டுதல் நன்று. இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து ஏணியைத் தோளில் சுமந்து செல்வதை அறவே விட்டொழிக்க வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஊராட்சி ஏணிக்கென நல்ல கயிறு அல்லது இறுக்குப் பட்டை இரண்டு வாங்கி, ஏணியுடனேயே மாட்டி வைக்கலாம். கேரியருக்குப் பொருந்தும் நீளமுள்ள மடக்கு ஏணியை அடுத்த முறை வாங்கலாம். பெரிய குக்கிராமங்களில் தனித்தனி ஏணி வைத்துவிட்டால் பயணமே குறையும். பயணத்தில் அடிபட்ட ஏணியின் படிகளையும் கட்டுகளையும் சோதித்த பின்னரே ஆளை ஏற்றுவது என்பதை நிலையான விதியாக்கலாம்.

தெருவிளக்குப் பணியாளரும் தண்ணீர்த் தொட்டி இயக்குபவரும் இம்முறையில் ஒரு முற்பகல் பயிற்சி பெற்றால் போதும். ஊருக்கு ஒளி தரச் செல்லும் ஏணி வழியில் எவர் வீட்டு விளக்கையும் அணைத்துவிடாமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.