கூடுதல் கட்டணம்: எங்கே செல்லும், எங்கே செல்லாது?



சரக்கை வீட்டுக்கு அனுப்பும் கூலி, விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பது, ரகம் மாற்றித் தருவது என்று எத்தனையோ வசதிகளை நாம் செய்து தருகிறோம். இவற்றுள் எதற்குத் தனியாகக் காசு கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது? இதற்கு விடை காண, நம் தொழிலுக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு ஜப்பானிய வியாபாரத்தை ஆராய்வோம்.

சரக்கும் விலையும்

போக்கிமான் படம் அச்சிட்ட விளையாட்டு அட்டைகள் ஜப்பானில் 1996 முதல் விற்பனையாகின்றன. சிறுவர்களோடு பெரியவர்களும் இவற்றைச் சேர்க்கிறார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்வரை உள்ளே எந்த அட்டை என்று தெரியாது. இரண்டாவதாக வந்ததை நண்பரிடம் கொடுத்து, தம்மிடம் இல்லாததை வாங்கிக்கொள்வதில்தான் சுவையே இருக்கிறது.

2024 அக்டோபர் 30 அன்று இந்த அட்டைகளைக் கைப்பேசிச் செயலியாகவும் வெளியிட்டார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம், நாளைக்கு 2 பொட்டலம் இலவசம். பொட்டலத்துக்கு 5 அட்டை. மாதம் 980 யென், அமெரிக்காவில் 9.99 டாலர், செலுத்தினால் தினமும் மேற்கொண்டு ஒரு பொட்டலம். முதல் 2 வாரம் காசில்லாமல் பழகிப் பார்க்கலாம். விலை அதிகமா குறைவா என்பது அவரவர் பையைப் பொறுத்தது. ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. கட்டாதவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை.

எங்கே இடறினார்கள்?

எல்லோரும் காத்திருந்த அட்டை மாற்றும் வசதி 2025 ஜனவரி 29 அன்று வந்தது. ஆனால் உயர்ரக அட்டைகளை மாற்றத் தனி வில்லைகள் வேண்டும் என்றார்கள். தம்மிடமுள்ள உபரி அட்டைகளை அழித்தால்தான் அந்த வில்லைகள் கிடைக்கும். ஒரு ரகத்தில் அட்டை மாற்ற 500 வில்லை. அதே ரகத்தில் ஓர் அட்டையை அழித்தால் கிடைப்பது 125. ஆக, ஒன்றை மாற்ற நான்கை இழக்க வேண்டும். ஒரு மூட்டை அரிசியை ரகம் மாற்றித் தர, நான்கு மூட்டையைக் கடலில் கொட்டச் சொன்னால் யார் பொறுப்பார்? குறைகள் குவிந்தன.

நிறுவனம் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. பல கணக்குகளை வைத்தும், தானியங்கி நிரல்களைக் கொண்டும் ஏமாற்றுபவர்களைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்றார்கள். ஆனால் அதன் பாரம் நேர்மையானவர் தலையில் விழுந்தது.

எப்படித் திருத்தினார்கள்?

சில நாட்களிலேயே, சரிசெய்ய வழி பார்க்கிறோம் என்று அறிவித்தார்கள். பிப்ரவரியில் 1,000 வில்லைகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். வில்லை முறையையே எடுத்துவிடுவதாக மார்ச்சில் அறிவித்து, ஜூலைக் கடைசியில் எடுத்தார்கள். இப்போதும் உயர்ரக அட்டையை மாற்ற ஒரு விலை உண்டு. ஆனால் ஏற்கெனவே உள்ள அட்டை மறுபடி வரும்போது தானாகச் சேரும் புள்ளிகளிலிருந்து அது கழிகிறது. எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரு விதியைத் திருத்த ஆறு மாதம் ஆயிற்று.

நமக்குரிய பாடங்கள்

1. புதிதாக ஒன்றைக் கொடுத்துக் காசு கேளுங்கள். வாடிக்கையாளர் கையில் இருப்பதைக் குறைத்துக் காசு பார்க்காதீர்கள்.

2. நாலு பேர் ஏமாற்றுகிறார்கள் என்று நானூறு பேருக்குச் சட்டம் போடாதீர்கள். சேதச் சரக்கு என்று பொய் சொல்லித் திருப்பும் கடைக்காரர் யார் என்பது நம் பேரேட்டிலேயே தெரியும். அவரிடம் மட்டும் கண்டிப்பாக இருப்போம்.

3. புதிய விதியை முதலில் பத்து வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் சுளித்தால் அன்றே மாற்றிவிடலாம். ஊருக்கெல்லாம் அறிவித்த பின் மாற்றுவது கடினம்.

4. குறை வந்தால் உடனே பதில் சொல்லுங்கள். முழுத் தீர்வுக்கு நாளாகும் என்றால், அதுவரை ஒரு சிறு நிவாரணமாவது கொடுங்கள்.

குறை சொல்லும் வாடிக்கையாளர் இன்னும் நம் கடையை விட்டுப் போகவில்லை. சொல்லாமல் போனவரைத் திருப்பி அழைக்க வழியில்லை. ஆகவே, குறை சொல்பவருக்கு நாற்காலி போட்டுக் கேட்போம்.