கட்டட வேலைக்கு ஒப்பந்தகாரரை அமர்த்துமுன் சரிபார்க்க வேண்டியவை

குளியலறையைப் புதுப்பித்தல், மின்னிணைப்பை மாற்றுதல், கடை முகப்பைத் திருத்துதல் போன்ற வேலைகளுக்கு லா சப்பல் பகுதியில் வாழும் பலர் தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரையையே நம்புகின்றனர். பரிந்துரை ஒருவரின் உழைப்பையும் நேர்மையையும் பற்றிச் சொல்லக்கூடும். அவருடைய தொழில் பதிவு செய்யப்பட்டுள்ளதா, அவர் செய்யும் வேலைக்குக் காப்புறுதி உண்டா என்பவற்றை அது சொல்லாது. புதிய குளியலறையிலிருந்து நீர் கசிந்து கீழ்மாடி வீட்டின் கூரை பழுதடையும்போதுதான் இவ்வினாக்கள் எழுகின்றன. அப்போது விடை தேடுவதால் பயன் குறைவு.

சில நாடுகளில் கட்டட ஒப்பந்தகாரருக்கு அரசு உரிம இலக்கம் ஒன்றை வழங்குகிறது. பிரான்சில் அத்தகைய தனி உரிமம் இல்லை. இங்கு இரண்டு விடயங்களைப் பிரித்தறிய வேண்டும். பதிவு, தகைமை, காப்புறுதி ஆகிய மூன்றும் ஒப்பந்தகாரரைச் சார்ந்தவை. அனுமதி என்பது வேலையையும் கட்டடத்தையும் சார்ந்தது. அதைப் பெறும் பொறுப்பு வேலை செய்விப்பவருடையது.

1. பதிவு

ஒவ்வொரு நிறுவனத்துக்கும், தனியாகத் தொழில் செய்பவருக்கும், 14 இலக்கங்கள் கொண்ட சிரெட் எண் உண்டு. அதன் முதல் 9 இலக்கங்கள் சிரென் எண் ஆகும். அரசின் 'அன்னுவேர் தெ ஸாந்திரப்ரீஸ்' இணையத்தளத்தில் இவ்வெண்ணை இட்டுக் கட்டணமின்றித் தேடலாம். நிறுவனம் இன்னும் இயங்குகிறதா, எப்போது தொடங்கப்பட்டது, அதன் முகவரி யாது, முதன்மைத் தொழில் எது என்பவற்றை அங்கு காணலாம். சிறப்புக் கட்டட வேலைகளின் தொழிற்குறியீடு 43 என்று தொடங்கும். 56 என்று தொடங்கினால் அது உணவகத் தொழில். குறியீடு மட்டும் முடிவான சான்று அன்று. ஆயினும், உணவகமாகப் பதிவான நிறுவனம் நீர்க்குழாய் வேலைக்கு விலைமதிப்பீடு தருமாயின் விளக்கம் கேட்பது அவசியம்.

வேலையின் பெறுமதி 5,000 யூரோவை எட்டும்போது, ஒப்பந்தகாரரின் பதிவைச் சரிபார்ப்பது வேலை செய்விப்பவரின் சட்டக் கடமையாகும். இக்கடமையைப் புறக்கணித்தவர், மறைமுகத் தொழில் கண்டறியப்பட்டால், ஒப்பந்தகாரர் செலுத்தாத வரிகளுக்கும் சமூகப் பாதுகாப்புக் கட்டணங்களுக்கும் பொறுப்பாக்கப்படலாம்.

2. தகைமை

கட்டடம், நீர், எரிவாயு, வெப்பமூட்டல், மின்சாரம் ஆகிய வேலைகளைத் தகைமையுள்ள ஒருவரே செய்ய வேண்டும். அல்லது அவருடைய நிலையான மேற்பார்வையில் அவை நடைபெற வேண்டும். சே.ஆ.பே. போன்ற தொழிற்கல்விச் சான்றிதழ் அல்லது மூன்று ஆண்டு அனுபவம் தகைமையாகக் கொள்ளப்படும். அவ்வனுபவம் ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலோ பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். தாயகத்தில் பல்லாண்டு மின்வேலை செய்த கைதேர்ந்தவராயினும், அவ்வனுபவம் மட்டும் இங்கு போதாது.

3. பத்தாண்டுக் காப்புறுதி

1978 ஜனவரி 4ஆம் திகதிய சட்டம், கட்டட வேலை செய்பவர் பத்தாண்டுப் பொறுப்புக்கான காப்புறுதி பெற்றிருப்பதைக் கட்டாயமாக்கியது. கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் சேதங்களையும், அதனை உரிய பயன்பாட்டுக்கு உதவாததாக்கும் சேதங்களையும் இது உள்ளடக்கும். ஒப்பந்தகாரர் தொழிலை மூடிவிட்டாலும் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம் என்பதே இதன் முதன்மைப் பயன்.

சான்றிதழில் இரண்டு இடங்களைக் கவனமாக வாசிக்க வேண்டும். முதலாவது, உள்ளடங்கும் தொழில்களின் பட்டியல். வண்ணப்பூச்சு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் நீர்க்குழாய் வேலைக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, செல்லுபடியாகும் காலம். வேலை தொடங்கும் நாள் அக்காலத்தினுள் அடங்க வேண்டும். 2024 டிசம்பருடன் முடிவடையும் சான்றிதழ், 2025 மார்ச்சில் தொடங்கும் வேலைக்கு உதவாது. சான்றிதழில் உள்ள காப்புறுதி நிறுவனத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு அது உண்மையானதா என உறுதிசெய்துகொள்ளலாம்.

4. அனுமதி

வீட்டினுள் வண்ணம் பூசவோ தரைக்கு ஓடு பதிக்கவோ நகரசபையின் அனுமதி தேவையில்லை. சன்னல், கடை முகப்பு போன்ற வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைக்கு முன்னறிவிப்பு விண்ணப்பம் தேவை. வடக்குத் தொடருந்து நிலையம் 1975 முதல் வரலாற்றுச் சின்னமாகப் பதிவாகியுள்ளதால், அதனைச் சூழ்ந்த தெருக்களில் அரச கட்டடக்கலைஞரின் கருத்தும் கேட்கப்படலாம். அப்போது பரிசீலனைக் காலம் நீளும். கடையை உணவகமாக மாற்றுவோர், பொதுமக்கள் வந்துசெல்லும் இடங்களுக்கான தனி அனுமதியையும் பெற வேண்டும். அதன் பரிசீலனைக்கு நான்கு மாதங்கள் வரை செல்லும்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் பொதுப் பகுதிகளையோ வெளித்தோற்றத்தையோ பாதிக்கும் வேலைக்கு, 1965 ஜூலை 10ஆம் திகதிய சட்டத்தின்படி இணை உரிமையாளர் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலும் வேண்டும். நகரசபையின் அனுமதி இவ்வொப்புதலுக்கு ஈடாகாது. "அனுமதி எதுவும் தேவையில்லை" என்னும் ஒப்பந்தகாரரின் வாய்மொழி, உரிமையாளரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

ஒப்பந்தகாரர் முன்னர் செய்த வேலைகளின் முகவரிகளைக் கேட்பதும் நன்று. அனுமதி பெற்ற வேலையிடத்தில் அறிவிப்புப் பலகை தெருவிலிருந்து தெரியும்படி வைக்கப்பட வேண்டும். அங்குள்ள அனுமதி இலக்கத்தைக் கொண்டு நகரசபையில் கோப்பினைப் பார்வையிடலாம்.

5. ஒப்பந்தமும் பணமும்

தெவி எனப்படும் விலைமதிப்பீட்டில் சிரெட் எண், காப்புறுதி விபரம், வேலைகளின் தனித்தனி விலை, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியன இருத்தல் வேண்டும். ஒப்பந்தம் வீட்டில் வைத்துக் கையொப்பமிடப்பட்டால், பொதுவாக 14 நாட்களுக்குள் அதிலிருந்து விலகலாம். முதல் 7 நாட்களில் ஒப்பந்தகாரர் பணம் பெறக்கூடாது. வீட்டுக்காரரே அவசரத் திருத்தத்துக்கு அழைத்த வேலைக்கு இவ்விதிகளில் விலக்கு உண்டு. தொழில் நிறுவனத்துக்கு 1,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாகச் செலுத்துதல் சட்டத்துக்கு முரணானது. விலைப்பட்டியல் இல்லாத வேலைக்கு, பின்னர் உத்தரவாதத்தை நிறுவுதல் மிகக் கடினம்.

வேலை முடிந்ததும், அதனை ஏற்றுக்கொள்வதற்கான பத்திரத்தில் குறைகளை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். ஓராண்டு, ஈராண்டு, பத்தாண்டு உத்தரவாதங்கள் அந்நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

6. பிணக்கு ஏற்பட்டால்

முதலில் பதிவுத் தபாலில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதனால் தீர்வு கிடைக்காவிடின் நுகர்வோர் நடுவரையோ, கட்டணம் பெறாத நீதி இணக்குநரையோ அணுகலாம். 5,000 யூரோ வரையான கோரிக்கைகளில், நீதிமன்றம் செல்வதற்குமுன் இத்தகைய இணக்க முயற்சி பொதுவாகக் கட்டாயமாகும். 'புவான் யூஸ்டிஸ்' நிலையங்களில் இலவசச் சட்ட ஆலோசனை பெறலாம். விலைமதிப்பீடு, காப்புறுதிச் சான்றிதழ், விலைப்பட்டியல், ஏற்புப் பத்திரம் ஆகிய நான்கையும் குறைந்தது பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்தல் வேண்டும். வீட்டை அதற்கிடையில் விற்க நேர்ந்தால், நொத்தாரிசும் இவற்றையே கேட்பார்.